கண்டெய்னருக்குள் 37, ஹோஸ்டில் எத்தனை?

கேள்வி இதுதான்: கண்டெய்னருக்குள் (ஒரு லினக்ஸ் கணினியில் நிரல்களைப் பிரித்து ஓட்டும் தனி அடைப்புக்குள்) ஓடும் சர்வீஸின் லாக்கில் ஒர்க்கர் 37 முடங்கிக் கிடப்பதாக வருகிறது. கண்டெய்னரைத் தாங்கும் கணினியான ஹோஸ்டில் 37-ஐத் தேடினால் அது கர்னலின், அதாவது இயங்குதளக் கருவின், ஏதோ ஒரு த்ரெட் (நிரலின் செயல் இழை). நீங்கள் தேடும் ஒர்க்கரோ டாப் கட்டளை தரும் பட்டியலில் இருபதாயிரத்துச் சொச்சத்தில் எங்கோ இருக்கிறது. உள் எண்ணோடு எதைக் கூட்டினால் வெளி எண் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த இரு எண்களையும் கர்னல் எங்கே சேர்த்து வைத்திருக்கிறது? ஒன்று கையில் இருந்தால் மற்றதைப் பிசகில்லாமல் எடுப்பது எப்படி?

கூட்டல் கணக்கு இதில் கிடையாது. அந்த எண்ணம் பெரும்பாலும் யூசர் நேம்ஸ்பேஸிலிருந்து வருகிறது. நேம்ஸ்பேஸ் என்பது கர்னல் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் பிரித்துத் தரும் தனிப் பார்வை. அங்கே யூஐடி-களுக்கு (பயனர் எண்களுக்கு) ஒரு வரைபடம் உண்டு. உள்ளே 0 என்றால் வெளியே 100000, உள்ளே 1000 என்றால் வெளியே 101000 என்று நேராகக் கூட்டிவிடலாம். பிஐடி (ஓடும் நிரலான பிராசஸின் எண்) நேம்ஸ்பேஸின் கட்டுமானம் வேறு. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் இது வந்ததிலிருந்தே ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரே எண் என்ற நிலை போய்விட்டது. ஒரு பிராசஸ் பிறக்கும்போது அது இருக்கும் நேம்ஸ்பேஸில் ஓர் எண், அதன் தாய் நேம்ஸ்பேஸில் ஓர் எண், அதற்கும் மேலே ஓர் எண் என்று உச்சி வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக எண் ஒதுக்கப்படுகிறது. கர்னலுக்குள் அந்த பிராசஸின் அடையாளம் ஒரு ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு). அதற்குள் எண்ணும் நேம்ஸ்பேஸும் சோடி சோடியாக ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) இருக்கின்றன. ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் தன் போக்கில் 1-லிருந்து எண்ணிக்கொண்டு போகும். ஹோஸ்டில் வேறு வேலைகளும் இடையிடையே எண்களை எடுத்துக்கொள்வதால் உள்ளே 37, 38 என்று அடுத்தடுத்துப் பிறந்தவை வெளியே 21873, 21990 என்று இருக்கலாம். ஆகவே இங்கே மொழிபெயர்ப்பு என்பது கணக்குப் போடுவதல்ல, அந்த அரேயில் தேடி எடுப்பது. படிகளின் ஆழத்துக்கு வரம்பு 32.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவை எல்லாம் தெரியும், ஏனென்றால் அவற்றுக்கு மேல்படியிலும் எண் உண்டு. கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவை தெரியாது, ஏனென்றால் அவற்றுக்குக் கீழ்ப்படியில் எண்ணே ஒதுக்கப்படவில்லை. இல்லாத எண்ணைக் கேட்டால் கர்னல் 0 என்று தரும். கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கருவியின் எக்ஸெக் கட்டளை மூலம் கண்டெய்னருக்குள் ஒரு ஷெல் (கட்டளைத் திரை) திறந்து, பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை ஓட்டினால் அந்த ஷெல்லின் பெற்றோர் எண் 0 என்று வருவது இதனால்தான். அதன் பெற்றோர் ஹோஸ்டில் இருக்கிறது. சிக்னல் (பிராசஸுக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்தி, நிறுத்து என்பது போல) வாங்கிய நிரல், அனுப்பியவரின் பிஐடி 0 என்று லாக்கில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். வெளியிலிருந்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

இனி கைவேலை. ஹோஸ்ட் எண் தெரிந்து உள் எண் வேண்டும் என்றால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஹோஸ்டின் ப்ராக் கோப்பகத்தில் (பிராசஸ் விவரங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம்) 21873 என்ற உறைக்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பைத் திறந்து என்எஸ்பிஐடி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 4.1 கர்னலிலிருந்து இது உண்டு. அதில் 21873, 37 என்று இரண்டு எண்கள் இருக்கும். இடப்பக்கம் இருப்பது இந்த ப்ராக் எந்த நேம்ஸ்பேஸுக்காக மவுண்ட் ஆனதோ (கோப்பு மரத்தில் இணைக்கப்பட்டதோ) அதில் உள்ள எண், வலக்கோடியில் இருப்பது பிராசஸ் தானே வாழும் நேம்ஸ்பேஸில் உள்ள எண். இடையில் எண்கள் இருந்தால் இடைப்படிகள் இருக்கின்றன என்று பொருள். டாக்கருக்குள் டாக்கர் ஓட்டுபவர்கள் மூன்று எண்களைப் பார்ப்பார்கள். வெளிக் கண்டெய்னரின் லாக்கில் வந்த எண்ணை நடுவில் தேட வேண்டும், கடைசியில் அல்ல. இதே கோப்பைக் கண்டெய்னருக்குள்ளிருந்து திறந்தால் 37 மட்டும்தான் தெரியும். மேல்படி எண்ணை உள்ளேயிருந்து எடுக்க வழி தேடுகிறவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். மறைப்பதற்காகவே கட்டியது அது.

எதிர்த்திசைதான் சற்று வேலை. உள்ளே 37 என்பது ஒவ்வொரு கண்டெய்னரிலும் ஒன்று இருக்கலாம். ஆகவே முதலில் எந்த நேம்ஸ்பேஸ் என்பதைப் பிடிக்க வேண்டும். டாக்கர் இன்ஸ்பெக்ட் தரும் விவரத்தில் ஸ்டேட் பகுதியில் உள்ள பிஐடி, அந்தக் கண்டெய்னரின் முதல் பிராசஸுக்கு ஹோஸ்டில் உள்ள எண். கண்டெய்னர்களைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸின் நோடில் (அதன் ஒரு கணினியில்) கிரிசிடிஎல் இன்ஸ்பெக்ட் கட்டளை இதையே தரும். அந்த எண்ணின் ப்ராக் உறைக்குள் என்எஸ் என்ற உள்ளுறையில் பிஐடி என்ற லிங்கைப் படித்தால் 4026532587 போல ஓர் ஐநோடு எண் (அந்த நேம்ஸ்பேஸின் அடையாள எண்) வரும். ஹோஸ்டின் மூல நேம்ஸ்பேஸ் எப்போதும் 4026531836. அதுவே வந்தால் அந்தக் கண்டெய்னர் ஹோஸ்டின் பிஐடி வெளியையே பகிர்ந்துகொள்கிறது, மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. வேறு எண் வந்தால், அதே ஐநோடு கொண்ட பிராசஸ்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் என்எஸ்பிஐடி வரியின் கடைசி எண் 37 ஆக இருப்பதைப் பிடியுங்கள். பிரித்தெடுக்க, பிராசஸ்களைத் தேடும் பிக்ரெப் கட்டளையிலேயே என்எஸ் என்ற விருப்பமும், பிஐடி வகையை மட்டும் ஒப்பிடச் சொல்லும் என்எஸ்லிஸ்ட் என்ற விருப்பமும் உண்டு. டாக்கர் போன்ற இன்னொரு கருவியான பாட்மேன் பயன்படுத்துபவர்களுக்கு இத்தனையும் வேண்டாம். பாட்மேன் டாப் கட்டளையில் பிஐடி, ஹெச்பிஐடி என்று இரண்டு நிரல்களையும் கேட்டால் உள் எண்ணும் ஹோஸ்ட் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். டாக்கர் டாப் ஹோஸ்ட் எண்ணை மட்டுமே காட்டும். இதைக் கண்டெய்னருக்குள்ளே ஓட்டிய பிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

இந்த வேலையை ரூட்டாக (முழு உரிமையுள்ள பயனராக) செய்யுங்கள். ஸ்டேட்டஸ் கோப்பை வழக்கமாக எவரும் படிக்கலாம், ஆனால் பிறருடைய பிராசஸின் நேம்ஸ்பேஸ் லிங்கைப் படிக்க பிட்ரேஸ் (இன்னொரு பிராசஸை உள்ளே நோக்கும் வசதி) அளவிலான அனுமதி வேண்டும். ரூட் இல்லாமல் ஓட்டிய ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் பாதி பிராசஸ்களைத் தவறவிட்டுவிட்டு, "37 இல்லை" என்று நம்பிக்கையோடு சொல்லிவிடும்.

எண்ணிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. லாக்கில் வருவது பிராசஸ் எண்ணா த்ரெட் எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். த்ரெட் எண் என்றால் மேலே சொன்ன தேடலில் சிக்காது. ஒவ்வொரு பிராசஸின் உறைக்குள்ளும் டாஸ்க் என்ற உறையில் இருக்கும் த்ரெட்களின் ஸ்டேட்டஸ் கோப்புகளைத் தேட வேண்டும். அங்கே என்எஸ்டிஜிஐடி வரி பிராசஸைச் சொல்லும், என்எஸ்பிஐடி வரி அந்தத் த்ரெட்டைச் சொல்லும். ஜாவாவில் இது அன்றாடத் தேவை. சிபியூவைத் தின்னும் த்ரெட்டை ஹோஸ்டில் டாப்பின் த்ரெட் பார்வையில் பார்த்தால் ஹோஸ்ட் எண் கிடைக்கும். ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் தரும் த்ரெட் பட்டியலான த்ரெட் டம்ப்பில் என்ஐடி என்று இருப்பது உள் எண். இடையில் என்எஸ்பிஐடி வரியைப் பாலமாக வைத்தால்தான் இரண்டும் பொருந்தும். என்ஐடி பல பதிப்புகளில் பதினாறை அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸ் எண்ணாக வரும், புதியவற்றில் வழக்கமான தசம எண்ணாக வரும். 0எக்ஸ்2பி என்றால் 43. இதேபோல, வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவிக்காக ஜிட் கம்பைலர் (ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) டெம்ப் உறையில் எழுதிவைக்கும் மேப் கோப்பின் பெயரில் இருப்பதும் உள் எண்தான், கோப்பும் கண்டெய்னரின் கோப்பு மரத்துக்குள்தான் இருக்கும்.

எங்கெல்லாம் கர்னல் தானாக மொழிபெயர்க்கிறது, எங்கெல்லாம் செய்யாது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். இது பிஐடி என்று கர்னலுக்கே தெரிந்த இடங்களில் பெறுபவரின் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். ஃபோர்க், வெயிட் அழைப்புகள் திருப்பித் தரும் எண், சிக்னலோடு வரும் அனுப்புநர் எண், ஒரே கணினியில் பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழியான யூனிக்ஸ் சாக்கெட்டின் பியர் கிரெட் (மறுமுனையில் இருப்பவரின் அடையாளம்), எஸ்சிஎம் கிரெடென்ஷியல்ஸ் (செய்தியோடு அனுப்பும் அடையாளம்) ஆகியவை இந்த வகை. ஹோஸ்டில் இருக்கும் டீமன் (பின்னணியில் ஓடும் சர்வீஸ்) தன் சாக்கெட்டைக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்து கொடுத்திருந்தால், உள்ளிருந்து இணைபவரின் எண் டீமனுக்கு ஹோஸ்ட் எண்ணாகவே வந்து சேரும். ஆனால் பிஐடியை நீங்களே எழுத்தாக எழுதிவிட்டால் கர்னலுக்கு அது வெறும் எழுத்து. பிஐடி கோப்பு, ஜேசான் செய்தி, லாக் வரி, சூழல் மாறி எல்லாம் இதில் அடக்கம். கண்டெய்னர் எழுதிய பிஐடி கோப்பை ஹோஸ்டில் ஓடும் ஸ்கிரிப்ட் படித்து அந்த எண்ணைக் கொல்வது மிகப் பழைய விபத்து. எண் சின்னதாக இருப்பதால் ஹோஸ்டில் அது ஏதாவது முக்கியமான சர்வீஸாக அமைந்துவிடக்கூடும்.

அதைவிட மோசமானது 0. கண்டெய்னருக்குள் இருக்கும் சர்வர், வெளியிலிருந்து சாக்கெட்டில் வந்தவரின் பிஐடியைக் கேட்டால் 0 கிடைக்கும். அதைச் சோதிக்காமல், சிக்னல் அனுப்பும் கில் அழைப்புக்குக் கொடுத்தால் அங்கே 0 என்பதற்கு வேறு பொருள்: என்னுடைய பிராசஸ் குழு முழுவதும். சர்வர் தன்னையும் தன் பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றுகொள்ளும். பிழைத் தகவலாக வந்த -1-ஐச் சோதிக்காமல் கொடுத்தால், அனுமதி உள்ள அனைத்துக்கும் சிக்னல் போகும். பிஐடி வாங்கும் எந்த இடத்திலும் 0-வும் அதற்குக் கீழும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

நிரலுக்குள்ளேயே மொழிபெயர்க்க வேண்டும் என்றால் கர்னல் பதிப்பைப் பொறுத்து வழி மாறும். 6.11-லிருந்து நேரடி வழி இருக்கிறது. நேம்ஸ்பேஸ் லிங்கைத் திறந்து கிடைக்கும் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் பிடி) மேல் நான்கு ஐஓசிடிஎல் அழைப்புகள் (கர்னலிடம் சிறப்பு வேலை கேட்பவை): பெயரில் ஃப்ரம் என்று வருபவை அந்த நேம்ஸ்பேஸின் எண்ணை வாங்கி உங்கள் நேம்ஸ்பேஸின் எண்ணைத் தரும், இன் என்று வருபவை உங்கள் எண்ணை வாங்கி அந்த நேம்ஸ்பேஸின் எண்ணைத் தரும். ஒவ்வொன்றிலும் பிராசஸுக்கு ஒன்று, த்ரெட்டுக்கு ஒன்று. இல்லாத எண் என்றால் ஈஎஸ்ஆர்சிஹெச் (அப்படி ஒரு பிராசஸ் இல்லை) என்ற பிழை. திசையை மாற்றிப் போட்டால் பல சமயம் பிழைகூட வராது, வேறு யாரோ ஒருவரின் எண் வரும். சோதிக்கும்போது விடை தெரிந்த ஒரு பிராசஸை வைத்துச் சோதியுங்கள்.

பழைய கர்னலில் இதற்குச் சுற்றுவழிதான். கண்டெய்னர்களுக்கு ப்ராக் கோப்புகளைத் திருத்திக் காட்டும் எல்எக்ஸ்சிஎஃப்எஸ் நெடுங்காலம் செய்துவந்த வித்தையைச் சொன்னால் விளங்கும். ஹோஸ்டிலிருந்து ஓர் உதவிப் பிராசஸ், நேம்ஸ்பேஸில் சேர்க்கும் செட்என்எஸ் அழைப்பு மூலம் கண்டெய்னரின் பிஐடி நேம்ஸ்பேஸில் சேர்கிறது. செட்என்எஸ் செய்தவரின் பிஐடி மாறாது, அதன் பிறகு பிறக்கும் பிள்ளைகளே புது நேம்ஸ்பேஸில் பிறப்பார்கள். ஆகவே இன்னொரு ஃபோர்க் (பிள்ளைப் பிராசஸ் பிறப்பித்தல்) வேண்டும். அந்தப் பிள்ளை சாக்கெட் வழியாக எஸ்சிஎம் கிரெடென்ஷியல்ஸில் பிஐடி 1 என்று எழுதி அனுப்புகிறது. வெளியே வாங்குபவருக்கு கர்னல் அதை ஹோஸ்ட் எண்ணாக மாற்றித் தருகிறது. தன்னுடையதல்லாத பிஐடியை எழுதி அனுப்ப அந்த நேம்ஸ்பேஸின் மீது சிஸ் அட்மின் (நிர்வாகி) உரிமை வேண்டும், வாங்கும் சாக்கெட்டில் அடையாளத்தைச் சேர்த்துத் தரச் சொல்லும் பாஸ் கிரெட் விருப்பத்தை முன்பே இயக்கியிருக்க வேண்டும். ஓர் எண்ணுக்காக இரண்டு பிராசஸ் பிறக்கிறது. அடிக்கடி கேட்க வேண்டியிருந்தால் விடையைச் சேமித்து வைக்கத் தோன்றும், அங்கேதான் அடுத்த பள்ளம்.

பிஐடி மறுபடி பயன்படுத்தப்படும். உச்ச வரம்பு இயல்பாக 32768. 64 பிட் கணினியில் 4194304 வரை உயர்த்தலாம். நீங்கள் என்எஸ்பிஐடி வரியைப் படித்த நொடிக்கும் கில் அனுப்பும் நொடிக்கும் இடையில் பழையது செத்து, அதே எண்ணில் புதியது பிறந்திருக்க முடியும். மனிதர் கையால் ஒருமுறை செய்யும்போது இதற்கு வாய்ப்பு குறைவு, தானியங்கி நிரல் நாள் முழுக்கச் செய்யும்போது என்றாவது நடக்கும். 5.3 கர்னலிலிருந்து பிஐடிஎஃப்டி (எண்ணுக்குப் பதிலாக அந்த ஒரே பிராசஸைக் குறிக்கும் டிஸ்கிரிப்டர்) திறக்கும் பிஐடிஎஃப்டி ஓப்பன் அழைப்பு இருப்பதால் இதைத் தவிர்க்கலாம். முதலில் ஹோஸ்ட் எண்ணுக்கு ஒரு பிஐடிஎஃப்டி திறந்துகொள்ளுங்கள். அதன் பிறகு என்எஸ்பிஐடி வரியையும் நேம்ஸ்பேஸ் லிங்கையும் மறுபடி படித்து இன்னும் அதே ஆள்தானா என்று பாருங்கள். பொருந்தினால் சிக்னலை எண்ணுக்கு அனுப்பாமல் அந்த டிஸ்கிரிப்டருக்கு அனுப்புங்கள். இந்த வரிசை முக்கியம். சரிபார்த்துவிட்டுத் திறந்தால் பயனில்லை.

இன்னும் ஒரு படி போனால் எண்ணையே மறந்துவிடலாம். கண்டெய்னருக்குள் இருப்பவர் தன் பிஐடிஎஃப்டியைத் திறந்து டிஸ்கிரிப்டர்களைச் சாக்கெட்டில் கைமாற்றும் எஸ்சிஎம் ரைட்ஸ் வழியாக வெளியே அனுப்பினால், வாங்கியவர் தன் ப்ராக்கில் டிஸ்கிரிப்டர் விவரம் தரும் எஃப்டிஇன்ஃபோ பகுதியைப் படித்து தன் பார்வையில் அதன் எண் என்ன என்று தெரிந்துகொள்வார். அங்கே 0 வந்தால் அந்த பிராசஸ் உங்கள் பார்வைக்கு வெளியே இருக்கிறது, -1 வந்தால் அது முடிந்துவிட்டது. புதிதாக எழுதும் எதற்கும் என் வாக்கு இந்த வழிக்குத்தான். எண்ணை மாற்றுவதைவிட மாறாத ஒரு பிடியைக் கைமாற்றுவது நல்லது.

கட்டளைகளில் வழுக்கும் இடங்கள் இரண்டு. இருக்கும் நேம்ஸ்பேஸுக்குள் நுழையும் என்எஸ்என்டர் கட்டளை மூலம் பிஐடி நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழைந்து பிஎஸ் ஓட்டினால் ஹோஸ்டின் பட்டியலே வரும். பிஎஸ் படிப்பது ப்ராக்கை. அந்த ப்ராக் யார் மவுண்ட் செய்தாரோ அவருடைய நேம்ஸ்பேஸைக் காட்டுமே தவிர, படிப்பவருடையதை அல்ல. மவுண்ட் நேம்ஸ்பேஸுக்குள்ளும் சேர்த்து நுழையுங்கள். புது நேம்ஸ்பேஸ் தொடங்கும் அன்ஷேர் கட்டளையை ஃபோர்க் விருப்பம் இல்லாமல் ஓட்டினால் திறக்கும் ஷெல் பழைய நேம்ஸ்பேஸிலேயே இருக்கும், அது ஓட்டும் முதல் கட்டளை புதியதில் 1 ஆகப் பிறக்கும். அது முடிந்ததும் நேம்ஸ்பேஸும் முடிந்தது. அடுத்த கட்டளைக்கு ஃபோர்க் செய்ய நினைவகம் இல்லை என்று பிழை வரும். ரேமைச் சரிபார்க்க ஓடாதீர்கள், அதில் குறையில்லை.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதை முடியாது என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும் பிராசஸ், தெரிந்த நேம்ஸ்பேஸ், ரூட் அனுமதி மூன்றும் இருந்தால் விடை ஐயமற்றது. பிராசஸ் இறந்துவிட்டால் கர்னல் அந்த அரேயைத் தூக்கி எறிந்துவிடும், பிறகு எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. நேற்றைய லாக்கில் இருந்த 37-ம் இன்றைய 37-ம் ஒன்றுதான் என்பது ஊகமே. கண்டெய்னர் மீண்டும் தொடங்கினால் எண்கள் 1-லிருந்து மறுபடி வருவதால் பழைய எண்கள் அப்படியே திரும்பித் தோன்றும். பிராசஸ் தொடங்கிய நேரத்தை ஒப்பிட்டால் ஊகம் வலுப்படும்; ஸ்டாட் கோப்பின் 22-ஆவது புலம் அது, பூட் ஆனதிலிருந்து கணக்கு, வழக்கமாக நொடிக்கு 100 டிக். அந்தக் கோப்பில் இரண்டாவது புலமான நிரல் பெயருக்குள் இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம் என்பதால் கடைசி மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நேம்ஸ்பேஸின் ஐநோடு எண்ணும் நிரந்தரமல்ல. நேம்ஸ்பேஸ் அழிந்தபின் அதே எண் இன்னொன்றுக்குப் போகலாம்.

இவை எதுவுமே பொருந்தாத இடங்களும் உண்டு. கேட்டா கண்டெய்னர் தனி விர்ச்சுவல் மெஷினுக்குள் தனிக் கர்னலில் ஓடுகிறது; கண்டெய்னர்களைக் கூடுதலாகத் தனிமைப்படுத்தும் ஜிவைசர் பிராசஸ்களைத் தன் சொந்தக் கர்னலில் வைத்துக்கொள்கிறது. இரண்டிலும் உள்ளே இருக்கும் 37-க்கு ஹோஸ்டில் இணையான எண் இல்லை, சாண்ட்பாக்ஸின் (அவற்றைச் சுற்றியுள்ள அடைப்பின்) பிராசஸ்கள்தான் தெரியும். மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் பயன்படுத்தினால் இன்ஸ்பெக்ட் தரும் எண் உள்ளே மறைந்திருக்கும் லினக்ஸ் மெஷினுடையது. உங்கள் கணினியின் ஆக்டிவிட்டி மானிட்டரிலோ டாஸ்க் மேனேஜரிலோ அதைத் தேடிப் பயனில்லை. குபெர்நெட்டிஸில் பாட் எனப்படும் ஒரு குழுவின் கண்டெய்னர்கள் பிராசஸ் நேம்ஸ்பேஸைப் பகிரும்படி அமைத்திருந்தால் 1 என்ற இடம் அந்தக் குழுவைத் தாங்கும் ‘பாஸ்’ (pause) கண்டெய்னருக்குப் போய்விடும், உங்கள் நிரல் 1 அல்ல. 1-க்கு சிக்னல் அனுப்பும் பழைய ஸ்கிரிப்ட்கள் அங்கே சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும்.

உங்கள் ஒர்க்கர் விஷயத்தில் இப்போதைக்கு ஐநோடு வழியில் தேடுங்கள். அடுத்த முறைக்கு, லாக் எழுதும் இடத்தில் பிஐடியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: ப்ராக்கில் செல்ஃப் உறைக்குள் இருக்கும் தன் நேம்ஸ்பேஸ் லிங்கின் எண், தான் தொடங்கிய டிக் எண். இரண்டையும் எந்தத் தனி அனுமதியும் இல்லாமல் பிராசஸ் தானே படிக்கலாம், தொடங்கும்போது ஒருமுறை படித்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட நோடுகளின் லாக் ஒரே இடத்தில் சேர்வதாக இருந்தால் பூட் ஐடியையும் (கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறும் அடையாளம்) சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அந்த ஐநோடு எண்ணுக்கு ஒரு கர்னலுக்குள், ஒரு பூட்டுக்குள் மட்டுமே பொருள் உண்டு.